லீவு லெட்டரும் கட்டியான இங்கிலீஷும்

அன்புள்ள சார்,

ஊர் கருங்கல் பக்கம், வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு மேனேஜருக்கு இப்படி ஒரு மெயில் போட்டேன்: ‘ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட் டியூ டு த சாலம்னைசேஷன் ஆஃப் மை சிஸ்டர்ஸ் மேரேஜ், ஐ வில் நாட் பி இன் எ பொசிஷன் டு அட்டெண்ட் த ஆபீஸ்.’ அவர் ஒரே சொல்லில் பதில் போட்டார்: ‘வென்?’

தினமும் பத்து புதுச் சொல் மனப்பாடம் செய்கிறேன். அப்படியும் இப்படி. நல்ல இங்கிலீஷ் எப்படி வரும்? ‘டு’, ‘வித்’ போன்ற சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்கிறார்களே, சரியா? உங்களைப் போல எழுதிப் பிழைக்க முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி. மொத்தம் 29 சொல். கல்யாணம் என்றைக்கு என்பது மட்டும் இல்லை. மேனேஜர் கேட்டது நியாயம்தான்.

இந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகத் தெரியும். நானே விற்றிருக்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் தக்கலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. “இங்கிலீஷு கொஞ்சம் கட்டியா இருக்கட்டும் மக்களே” என்பார்கள். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கினால்தான் அவர்களுக்குக் காசு கொடுக்க மனம் வரும். எனக்கும் பக்கம் நிறையும்.

வெள்ளைக்காரன் ஆபீஸிலிருந்து நமக்கு வந்த நடை அது. அவன் ஊரிலேயே அதைத் தாங்க முடியாமல், அரசு அலுவலர்கள் எளிதாக எழுதப் பழக ஒரு புத்தகம் எழுதும்படி நிதித்துறை எர்னஸ்ட் கவர்ஸைக் கேட்டுக்கொண்டது. 1948-ல் ‘ப்ளெயின் வேர்ட்ஸ்’ வந்தது. கவர்ஸே பழைய அரசு அதிகாரிதான். நாம் என்னவோ இன்னும் பெக் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அந்த மொழிக்குள் கூட்டமாக நுழைந்தன. அதனால்தான் ‘பிகின்’ இருக்க ‘கமென்ஸ்’, ‘பை’ இருக்க ‘பர்ச்சேஸ்’. இது நமக்குப் புரியாத விஷயமில்லை. வீட்டில் வெள்ளம் (தண்ணீர்தான்) குடிக்கிறோம், மேடையில் ஏறினால் நீர் அருந்துகிறோம். நீங்கள் மேனேஜரிடம் மேடைப் பேச்சு பேசிவிட்டீர்கள். சாலம்னைசேஷன் தப்பான சொல் இல்லை. 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அதற்கு வேலை உண்டு. லீவு லெட்டரில் என்ன வேலை?

கல்யாணம் திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன். ‘மை சிஸ்டர் இஸ் கெட்டிங் மேரீட் நெக்ஸ்ட் மண்டே. மே ஐ டேக் தட் டே ஆஃப்?’ 13 சொல், நாளும் வந்துவிட்டது. மனப்பாடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். எழுதியதை அனுப்புமுன் வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வெட்டுங்கள். அதற்காக, நம் ஊர்ச் சொல் என்று யாராவது ‘ப்ரிப்போன்’ மேல் கை வைத்தால் நான் சண்டைக்கு வருவேன். போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல் தேவைப்பட்டது, செய்துகொண்டோம்.

அப்புறம் அந்த ‘டு’, ‘வித்’ விவகாரம். 1672-ல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், நாடகாசிரியர் பென் ஜான்சன் வாக்கியத்தை அப்படி முடித்ததைக் குறை சொன்னார். பிறகு தன் பழைய உரைநடையில் இருந்தவற்றையும் தேடித் திருத்தினார். ஆங்கில நடைக்கு அகராதி எழுதிய ஃபவுலர் 1926-லேயே அந்த விதியை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு’ என்று தாராளமாகக் கேளுங்கள்.

பிழைப்பு? இப்போது அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிறேன். கைக்கு வரும்போது எத்தனை சொல்லோ அதற்குத்தான் கூலி. ஆயிரத்தில் முந்நூறை வெட்டினாலும் அதே பணம். அன்று கூட்டிச் சம்பாதித்தேன், இன்று குறைத்து. ஒரு நிறுவனம் போன வருடக் கூலியை ஐந்து மாதம் இழுத்தடித்துத் தந்தது. நினைவூட்டி நினைவூட்டி நான் எழுதிய மெயில்கள்தான் என் ஆகச்சிறந்த ஆங்கிலம் என்று மனைவி சொல்கிறாள். சொந்த எழுத்துக்கு விடியற்காலை இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் பைக் சத்தத்தோடு. வேலையை விட்டுவிடாதீர்கள்.

தங்கச்சிக்கு என் வாழ்த்து. மறுவீட்டுக்கும் சேர்த்தே லீவு கேட்டுவிடுங்கள், இன்னொரு மெயில் எழுதுகிற வேலை மிச்சம்.