பழைய கற்றலொக் புத்தகங்களை நினைத்து ஏன் ஏங்குகிறார்கள்?

"காசு பிடுங்குகிற விளம்பரப் புத்தகம்தானே, அதில் ஏங்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றலொக் என்றால், கடைச் சாமான்களைப் படத்தோடும் விலையோடும் போட்டு, வீட்டில் இருந்தபடியே ஓடர் செய்ய விடுகிற புத்தகம். நீங்கள் கைபேசியில் ஓடர் செய்கிற காலத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோக் குளிருக்குள் வந்து இறங்கியவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் சட்டை தைத்தவ. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் குளிர் ஜக்கற் பார்க்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். உள்ளே போனதில் இருந்து வெளியே வரும்வரை காவலாளி எங்கள் பின்னாலேயே வந்தான். அம்மா விலைத்துண்டைத் திருப்பிப் பார்க்க நின்றால் அவனும் நின்றான். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பஸ்ஸில் அம்மா கதைக்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் தலையணைத் தடிப்பில் சியர்ஸ் என்ற கடைக் கொம்பனியின் கற்றலொக் வீட்டுக்கு வந்தது. குசினி மேசையில் விரித்து வைத்து எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கேட்க ஆளில்லை. நெஞ்சளவு, இடுப்பளவு எப்படி எடுப்பது என்று படத்தோடு போட்டிருக்கும். விலை அச்சில் இருக்கும். எங்களுக்கும் அதே விலை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் அதே விலை.

இது எங்களுடைய கதை மட்டுமில்லை. ரிமோதி ஈற்றன் 1869 இல் ரொறன்ரோவில் கடை திறந்தபோதே பேரமும் கிடையாது, கடனும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை என்று வைத்தவர். 1884 இல் 32 பக்கத்தில் அவருடைய முதல் கற்றலொக் வந்தது. சாமான் பிடிக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவோம் என்ற வாக்கை நம்பி, கிட்டடியில் நல்ல கடை இல்லாத, கனடாவின் மேற்குச் சமவெளியான பிரெய்ரி மாகாண விவசாயக் குடும்பங்கள் உடுப்பில் இருந்து வீடு கட்டும் பலகை வரைக்கும் அதில் எடுத்தார்கள். அமெரிக்காவின் தெற்கில் நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில், கறுப்பின மக்களை உள்ளூர்க் கடைக்காரர் கடைசி ஆளாக நிறுத்தி வைப்பார்கள். சியர்ஸுக்கு வந்த ஓடர் தாளில் எழுதியவரின் நிறம் தெரியாது. அம்மாவுக்கு இந்தச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விவசாயிகளும் கறுப்பின மக்களும் ஏன் அந்தப் புத்தகத்தை விரும்பினார்கள் என்பது அவவுக்குத் தெரிந்திருக்கும்.

நத்தாருக்கு வரும் விஷ் புக் என்ற சியர்ஸ் கற்றலொக்கில் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானுக்கு வட்டம் போட்ட கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கற்றலொக் தையல் வேலைக்குத்தான் கிடந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு என்றால் அக்கம்பக்கத்துச் சனம் பக்கத்தை மடித்துக்கொண்டு வரும். "அக்கா, கொலர் இப்பிடி வேணும், கை மற்றப் பக்கத்துச் சட்டையில இருக்கிற மாதிரி." அம்மா படத்தை மட்டும் பார்த்து, பழைய பேப்பரில் வெட்டிப் பிடித்து, பிறகு துணியில் கத்தரி வைப்பா. சுருக்கு எங்கே தொடங்குகிறது, தையல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று படத்திலேயே கண்டுபிடிப்பா. அப்படிக் கண் உள்ளவர்களை நான் பிறகு காணவில்லை.

சிலர் உடனே கொம்பனிக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று வருவீர்கள். இல்லை. சியர்ஸ் கனடா 2017 இல் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதும், 2018 ஜனவரியில் கடைசிக் கடைகள் மூடியதும், ஓய்வூதிய நிதியில் பற்றாக்குறை வந்து பழைய ஊழியர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். இந்தப் புத்தகங்களின் தாளுக்கு மரம் வெட்டிய கணக்கும் தெரியும். நான் சொல்வது அந்தப் புத்தகம் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. கற்றலொக்கில் போட்ட விலையைக் குறைக்க ஏலாதோ என்று ஒருவரும் கேட்டதில்லை. அதே ஆட்கள், அம்மா இரவிரவாக இருந்து தைத்த சட்டைக்குக் கூலி கொடுக்கும்போது, "எங்கட ஆக்கள்தானே, பாத்துச் சொல்லுங்கோ" என்பார்கள். அம்மாவும் குறைத்துத்தான் வாங்குவா. இன்றைக்கும் வீட்டில் இருந்து தைக்கிற, பலகாரம் சுட்டுக் கொடுக்கிற பெண்களிடம் இதே கதைதான். மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்ட உடனே கொடுக்கிறவர்கள், பிளவுஸ் தைத்த அக்காவிடம் ஐந்து டொலருக்கு வாசலில் நின்று கதைக்கிறார்கள். அவ கேட்கிற காசைக் கொடுங்கோ.