தீரன் சின்னமலை தோற்றது சமையல்காரர் காட்டிக்கொடுத்ததாலா?

பிடிபட்டதற்கு அதைத்தான் காரணமாகக் கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் தோற்றதற்குக் காரணம் வேறு. 1800 ஜூன் 3ஆம் தேதி கோவையிலேயே, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான அவருடைய போரின் முதுகெலும்பு முறிந்துவிட்டது.

சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி, காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். பழையகோட்டைப் பட்டக்காரர் மரபு, சர்க்கரை மன்றாடியார் பட்டம். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் கவனிக்காதது, அவர் நின்ற இடத்தின் நெருக்கடி. திப்பு சுல்தானோடு செய்த 1792 உடன்படிக்கையிலேயே சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போய்விட்டன. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்ததும் கோவை, ஈரோடு, தாராபுரமும் போயின. ஈரோடு பக்கம் ஓடாநிலையில் சின்னமலை கோட்டை கட்டியபோது வடக்கிலும் தெற்கிலும் எதிரி ஏற்கெனவே காலூன்றியிருந்தான். தனியாக நின்று ஜெயிக்க வழியே இல்லை, கூட்டு தேவைப்பட்டது.

அந்தக் கூட்டை நடத்தியவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். கம்பெனியை எதிர்த்துக்கொண்டிருந்த வடக்கே கன்னட நாட்டுத் தூந்தாஜி வாக், மேற்கே கேரளத்துப் பழசி ராஜா, கிழக்கே சிவகங்கை மருது சகோதரர்கள் என்று தொடர்பு விரிந்திருந்தது. முஹர்ரம் பத்தாம் நாளான ஜூன் 3இல் கோவைக் கோட்டைக் காவல் தளர்ந்திருக்கும், அன்று அடிக்கலாம் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் பல திசையிலிருந்து வரும் படைகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடினால்தான் அது பலிக்கும். சேதி முன்கூட்டியே கசிந்தது, படைகள் ஒருசேர வந்து சேரவில்லை. சிக்கியவர்களைக் கம்பெனி தூக்கில் போட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். 1800 செப்டம்பரில் தூந்தாஜி சண்டையில் மாண்டார். 1801இல் கோபால் நாயக்கருக்குத் தூக்கு. அதே ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கும். கைகொடுக்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல்தான் சின்னமலை இன்னும் நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தார். என்னைக் கேட்டால் அவருடைய ஆகப்பெரிய சாதனை இதுதான். காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று வெற்றிகள் வந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சண்டையில் கம்பெனி தோற்றால் அடுத்த தடவை இன்னும் பெரிய படையோடு வரும். இவருக்கோ இழந்த ஆளை ஈடுகட்டவே வழி இல்லை.

கடைசியில் பீரங்கிகள் வந்தபோது கோட்டையை விட்டு வெளியேறினார். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். பழனி அருகே கருமலைப் பக்கம் அவரைப் பிடித்து, 1805 ஜூலை 31, ஆடி 18 அன்று சங்ககிரி மலைக்கோட்டையில் தம்பிமாரோடு தூக்கிலிட்டார்கள்.

ஆடி 18க்கு ஓடாநிலை மணிமண்டபம் போகிறவர்கள் இன்னொரு நாள் விருப்பாச்சிக்கும் போய்வாருங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது, கோபால் நாயக்கருக்கும் அங்கே மணிமண்டபம் உண்டு.