வேர்ட் ஃபைல் பூட்டிக்கொண்டதா? முதலில் எந்தப் பூட்டு என்று பாருங்கள்

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு ஆள் வருவது குறையும், கேள்விகள் கூடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலும் ஒரே கவலைதான்: பாஸ்வேர்ட் போட்டு வைத்த வேர்ட் ஃபைல் திறக்கவில்லை. கேட்டவர்களில் பலர் இரண்டு மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதனால் நேராகப் பதிலுக்குப் போகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எதைச் செய்து பார்ப்பதானாலும் அசலில் செய்யாதீர்கள். நகல் எடுத்து, நகலில் செய்யுங்கள்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் விதிமுறை ஃபைல் திறக்கிறது, படிக்க முடிகிறது. ஆனால் ஒரு எழுத்துகூட மாற்ற முடியவில்லை. பாஸ்வேர்ட் போட்ட பழைய செயலாளர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். — குழுச் செயலாளர், கோத்தகிரி

கவலையே வேண்டாம். உங்கள் ஃபைல் பூட்டப்படவே இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே ‘தொடாதே’ என்று பலகை மட்டும் மாட்டியிருக்கிறது. வேர்டில் மூன்று விதமான பாஸ்வேர்ட் உண்டு: திறப்பதற்கு ஒன்று, மாற்றுவதற்கு ஒன்று, திருத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஒன்று. முதல் வகை மட்டும்தான் எழுத்துகளையே குழப்பிப் பூட்டுகிறது. மற்ற இரண்டும் வேர்டுக்குச் சொல்லிவைத்த உத்தரவு, அவ்வளவுதான்.

‘ரீட் ஒன்லி’ கொடுத்துத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, புது ஃபைலில் ஒட்டிப் பாருங்கள். அநேகமாக இதிலேயே முடிந்துவிடும். படிவம் மாதிரி, கட்டத்தை மட்டும் நிரப்பவிடும் ஃபைலாக இருந்தால் தேர்வு செய்யவே விடாது. அப்போது ஒரு வெற்று ஃபைலைத் திறந்து, ‘இன்சர்ட்’ பகுதியில் ‘ஆப்ஜெக்ட்’ பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ என்று வரும். அதில் அந்தப் பழைய ஃபைலைக் காட்டினால் எழுத்துகள் வந்துவிடும். ஆனால் விதிமுறை என்பது குழுவின் சொத்து. கூட்டத்தில் ஒரு வரி தீர்மானம் எழுதிவிட்டு மாற்றுங்கள். பழைய செயலாளருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு யாரும் விரல் நீட்டக் கூடாது.

அப்பா 2006-இல், குறிஞ்சி பூத்த வருஷம், தன் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தார். எழுதியதை ஒரு சி.டி.யில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரியாது. இனி படிக்க வழியே இல்லையா? — ஒரு மகள், கொடைக்கானல்

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

முதலில் சி.டி. நம் மலையில் சி.டி.க்குப் பாஸ்வேர்டைவிடப் பெரிய எதிரி ஈரம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. ஒரு டிரைவ் படிக்காவிட்டால் இன்னொன்றில் போடுங்கள். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு சி.டி. மூன்றாவது டிரைவில்தான் கண் திறந்தது. படித்த உடனே ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று நகல் எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஃபைல் பெயரின் வால். ‘டாக்’ என்று முடிகிறதா, ‘டாக்எக்ஸ்’ என்று முடிகிறதா? 2006 என்றால் அநேகமாக ‘டாக்’தான். உங்களுக்கு நல்ல செய்தி இதில்தான் இருக்கிறது. வேர்ட் 97 முதல் 2003 வரை, யாரும் தனியாக மாற்றி வைக்காவிட்டால், ஃபைலைப் பூட்டிய சாவியின் நீளம் வெறும் 40 பிட். அப்பா எத்தனை பெரிய பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் உள்ளே உண்மையில் பூட்டுகிற சாவி அதுதான். 40 பிட் என்றால் மொத்தச் சாவிகள் ஏறத்தாழ 1,09,951 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது மணிக்கணக்கு வேலை, சாதாரணக் கம்ப்யூட்டருக்கு நாள்கணக்கு, வாரக்கணக்கு. பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்காமலே சாவியைக் கண்டுபிடித்துத் திறந்துவிடலாம். ஹேஷ்கேட் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. தெரிந்த சர்வீஸ்காரரிடம் ‘40 பிட் பழைய டாக் ஃபைல்’ என்று சொன்னாலே புரிந்துகொள்வார்.

அதற்கு முன் ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அப்பா வாயில் அடிக்கடி வந்த சொல், வண்டி நம்பர், பின்கோடு 624101, எஸ்.டி.டி. கோடு 04542, உங்கள் செல்லப் பெயர். அந்த வருஷத்தில் எழுதத் தொடங்கியவர் ‘குறிஞ்சி’ என்றே போட்டிருக்கலாம். அதை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘ஜே’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘சி, எச்’ போடுவார். சிலர் ‘ஆர்’ பக்கத்தில் ‘ஐ’ போடுவார்கள், சிலர் ‘யூ’. முதல் எழுத்து பெரியதா சின்னதா, பின்னால் 2006 உண்டா, வெறும் 06-ஆ? ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். மனிதர்கள் வைத்த பாஸ்வேர்ட் அவர்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

ஃபைல் திறந்த பிறகு ஒரு அதிர்ச்சி வரலாம். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை இன்னொரு பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எழுத்துரு அது. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால், பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். அந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் முதல் வரியைப் படித்ததும் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இலைக் கணக்கு ஃபைல், 2019-இல் போட்டது. திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்கிறது. பெயரில் ‘டாக்எக்ஸ்’ இருப்பதை ‘ஜிப்’ என்று மாற்றி உள்ளே போய் பாஸ்வேர்டை அழிக்கலாம் என்கிறார் நண்பர். சரியா? — தேயிலைத் தொழிற்சாலை எழுத்தர், குன்னூர் அருகே

நண்பர் சொன்னது கோத்தகிரி அம்மாவின் ஃபைலுக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது. சாதாரண டாக்எக்ஸ் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். திருத்தத் தடை மட்டும் இருந்தால் அந்த மூட்டையைப் பிரித்து ‘செட்டிங்ஸ்’ ஃபைலில் ஒரு வரியை எடுத்துவிடலாம். ஆனால் திறக்கவே பாஸ்வேர்ட் போட்டால் மூட்டை மொத்தமும் குழப்பப்பட்டு வேறொரு உறைக்குள் போய்விடுகிறது. பிரிப்பதற்கு அங்கே ஜிப்பே இல்லை.

இந்தப் பூட்டு உண்மையிலேயே பலமானது. 2016 முதல் வேர்ட் பயன்படுத்துவது 256 பிட் ஏ.இ.எஸ். என்ற பூட்டு முறை. அதோடு நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு பாஸ்வேர்டையும் சரியா என்று பார்ப்பதற்குள் 1,00,000 சுற்று கணக்குப் போட வைக்கிறது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஊகித்துக்கொண்டே போகிற மென்பொருளுக்கு அது கால் விலங்கு. நொடிக்குப் பத்தாயிரம் ஊகம் ஓடுகிற கம்ப்யூட்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஆறு இலக்க எண் இரண்டு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். எட்டுச் சின்ன ஆங்கில எழுத்து என்றால் எல்லாவற்றையும் முயல எட்டு மாதம். பெரியது, சின்னது, எண் மூன்றும் கலந்த எட்டு என்றால் கிட்டத்தட்ட 700 வருஷம். ஆகவே பாஸ்வேர்டில் பாதியாவது நினைவிருக்கிறதா என்பதுதான் இங்கே எல்லாமே. ‘ஊர்ப்பேர் போட்டேன், பின்னால் நாலு எண்’ என்று சொன்னால் பத்தாயிரம் ஊகம்தான், ஒரு டீ குடிப்பதற்குள் முடியும். யோசித்துச் சொல்லுங்கள்.

அதைவிடச் சுலபமான வழி ஒன்றையும் விடாதீர்கள். பூட்டுவதற்கு முந்தைய நகல் எங்காவது இருக்கும். மெயிலில் ‘சென்ட்’ பகுதி, வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு அனுப்பிய ஃபைல், பி.டி.எஃப். ஆக்கி பிரிண்ட் எடுத்த ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இப்படித்தான் கிடைத்திருக்கிறது.

பாஸ்வேர்ட் நன்றாக நினைவிருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் தவறு என்கிறது. — ஆசிரியை, கூடலூர்

நீங்கள் சொல்வதை முழுக்க நம்புகிறேன். விரல் சரியாகத்தான் அடித்திருக்கும், பதிவானது வேறாக இருக்கும். வேர்டின் பாஸ்வேர்ட் கட்டத்தில் புள்ளிகள்தானே தெரிகின்றன. நோட்பேடைத் திறந்து அங்கே அடித்துப் பாருங்கள், என்ன விழுகிறது என்று கண்ணில் தெரியும். சரியாக வந்ததும் நகல் எடுத்துக் கட்டத்தில் ஒட்டுங்கள்.

நான் அடிக்கடி பார்ப்பவை மூன்று. கேப்ஸ் லாக் ஒன்று. இரண்டாவது, பழைய சின்ன லேப்டாப்களில் எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ போட்டிருந்தால் ‘ஜே, கே, எல்’ அடித்தால் 1, 2, 3 விழும். ‘யூ, ஐ, ஓ’ 4, 5, 6 ஆகிவிடும். பூட்டிய அன்று அது போட்டிருந்தால் இன்றைக்கும் அதே மாதிரிதான் அடிக்க வேண்டும். மூன்றாவது நம்மவர்களுக்கே உரியது: தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்வேர்ட் போட்டது. தமிழ்99-இல் ‘கே, என், ஆர்’ அடித்தால் ‘மலை’ என்று விழும். நீங்கள் ஆங்கிலம் என்று நினைத்து அடித்தது அன்றைக்குத் தமிழாகப் போயிருக்கலாம். தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி வைத்துக்கொண்டு நோட்பேடில் அதே விசைகளை அடித்து, வருவதை ஒட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்த பாஸ்வேர்ட் என்றால் கடைசியில் ஒரு வெற்று இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபைலை அனுப்பினால் திறந்து தருவதாக இணையதளங்கள் சொல்கின்றனவே? — பத்திர எழுத்தரின் உதவியாளர், ஊட்டி

அனுப்பாதீர்கள். பத்திர வரைவில் ஆதார் எண் இருக்கும், சர்வே எண் இருக்கும், கையெழுத்துப் போடுகிறவர் அத்தனை பேரின் விலாசமும் இருக்கும். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது அது. வெளியாள் உதவி தேவைதான் என்றால் ஃபைலைக் கொடுக்காமலே உதவி வாங்கலாம். ஜான் தி ரிப்பர் என்ற இலவச மென்பொருளோடு வருகிற ஒரு சின்னக் கருவி, உங்கள் ஃபைலிலிருந்து ஒரே ஒரு நீளமான வரியை எடுத்துத் தரும். டாலர் குறி, ஆஃபீஸ், டாலர் குறி, பிறகு 2007, 2010, 2013 என்று ஏதாவது ஒரு எண்ணோடு ஆரம்பிக்கும். பூட்டு எந்தத் தலைமுறை என்பது அந்த எண்ணிலேயே தெரியும். பாஸ்வேர்டைத் தேட அந்த வரி போதும், உங்கள் பத்திரத்தின் ஒரு சொல்கூட அதில் இருக்காது. முன்பணம் கேட்டு ‘நிச்சயம் திறப்போம்’ என்கிறவரிடமும் போக வேண்டாம். புது டாக்எக்ஸுக்கு நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

லிப்ரே ஆஃபீஸ் ஃபைலுக்கும் இதே கதையா? — கல்லூரி மாணவர், ஊட்டி

ஏறத்தாழ. லிப்ரே ஆஃபீஸில் எழுதும் ஃபைலின் வால் ‘ஓ.டி.டி.’ 24.8-க்கு முந்தைய பதிப்புகளில் அதைப் பூட்டியிருந்தால், பழைய ஜிப்பாகவே திறக்கும், உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கூடத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எழுத்துகள் பலமாகப் பூட்டப்பட்டவைதான்.

பங்காளி ஒருவர் நிலக் கணக்கை என் கம்ப்யூட்டரில்தான் அடித்தார். பூட்டி வைத்திருக்கிறார். நான் திறந்து பார்க்கலாமா அண்ணா? — குந்தா பக்கம் ஒரு வாசகர்

வேண்டாம் தம்பி. கம்ப்யூட்டர் உங்களுடையது, ஃபைல் அவருடையது. இதில் சட்டம் என்ன சொல்லும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒரு முறை திறந்துவிட்டால் அந்த உறவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கேளுங்கள், வக்கீல் மூலம் கேளுங்கள்.

ஆபீஸ் ஃபைல்களை ஊழியர்கள் பூட்டிவிட்டுப் போனால் திறக்க நிர்வாகத்துக்கு வழி உண்டா? — கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கோத்தகிரி

உண்டு, முன்பே ஏற்பாடு செய்திருந்தால். வேர்ட் 2013 முதல், நிர்வாகத்தின் மாற்றுச் சாவி ஒன்றும் ஒவ்வொரு ஃபைலிலும் சேர்ந்தே பதியும்படி வைக்கலாம். பிறகு டாக்ரீகிரிப்ட் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியால் பாஸ்வேர்டை நீக்கலாம். அந்த ஏற்பாட்டுக்கு முன் பூட்டிய ஃபைலுக்கு இது உதவாது. சின்னச் சங்கத்துக்கு இத்தனை தேவையில்லை. யாராவது வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் முன்னிலையிலேயே ஃபைல்களைத் திறந்து பூட்டை எடுத்துவிடுங்கள்: ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘புரொடெக்ட் டாக்குமென்ட்’, ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’, புள்ளிகளை அழித்துக் கட்டத்தைக் காலியாக விட்டு ஓகே, பிறகு சேவ். பூட்டியே ஆக வேண்டியவற்றின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, சங்கத்துப் பீரோவில் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நம் ஊர் ஈரத்தில் மை ஊறிவிடும்.