தண்டர்பேர்டை மாற்றலாமா?

கேள்வி: நான் ஈரோட்டில் வசிக்கிறேன். வயது 47, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 2016-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 வைத்திருக்கிறேன். தினமும் அலுவலகத்துக்கு அதில்தான் போகிறேன். மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியுடன் சத்தியமங்கலம், திம்பம் வழியாக ஆசனூர் வரை சென்று வருவதுண்டு. ஓராண்டாக நெடுந்தூரம் ஓட்டினால் இடுப்புக்குக் கீழே வலிக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பண்ணாரிக்கு முன்பாக ஒரு மாடு குறுக்கே வர, பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. விழவில்லை என்றாலும், அன்றிலிருந்து மனைவி வண்டியில் ஏறவே தயங்குகிறார். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650 வாங்கச் சொல்கிறான் மகன். மீட்டியார் 350 போதும் என்பது என் எண்ணம். ஷோரூமில் பழைய வண்டிக்கு 55,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். வெளியில் 75,000-க்குப் போகும் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடிதத்தில் சொல்வது இரண்டு குறைகள்: ஒன்று பிரேக், மற்றொன்று இடுப்பு வலி. புதிய வண்டி முதல் குறையை நிச்சயமாகத் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்க்குமா என்பது நீங்கள் எந்த வகை வண்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இவ்விரண்டையும் சேர்த்து யோசிப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது. இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருந்தாலும் ஏபிஎஸ் கிடையாது. ஈரச் சாலையில் பதற்றத்தில் பெடலை முழுமையாக மிதித்தால், சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுத் தரையில் தேய்ந்துகொண்டே போகும். உங்களுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில், சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணரும் சென்சார் தகவல் அனுப்பியதும், பிரேக் அழுத்தம் நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கப்படுகிறது. சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறைவதால் வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இதைப் பழைய வண்டியில் பிறகு பொருத்திக்கொள்ள நடைமுறையில் வழியில்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மனைவியை ஏற்றிச் செல்பவருக்கு, வண்டியை மாற்ற இந்த ஒரு காரணமே போதும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் சொல்லும் இரண்டு மாடல்களிலும் இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உண்டு.

இடுப்பு வலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தண்டர்பேர்டு போன்ற குரூசர் வண்டிகளில் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் முன்தள்ளி இருக்கும். கால்களை நீட்டிக்கொண்டு சாய்வாக அமர்வோம். சமமான நெடுஞ்சாலையில் இது சுகமாகத்தான் இருக்கும். ஆனால், உடலின் எடை கால்களுக்குப் பிரியாமல் முழுவதும் இடுப்பின் அடியிலேயே இறங்குகிறது. பள்ளம் வரும்போது காலை ஊன்றி இருக்கையிலிருந்து லேசாக எழும்பவும் இந்த அமைப்பில் முடியாது. ஆகவே அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகிறது. சூப்பர் மீட்டியாரிலும் கால்கள் முன்னே நீள்வதுதான். மீட்டியார் 350-இலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு குரூசரிலிருந்து மற்றொரு குரூசருக்கு மாறிவிட்டு வலி போகவில்லையே என்று வருந்துபவர்கள் பலர். மீட்டியார் 350-இன் 349 சிசி எஞ்சினில் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் அதிர்வு உங்கள் வண்டியைவிட நன்றாகவே குறைந்திருக்கும். அந்த அளவுக்கு நிச்சயம் நிம்மதி கிடைக்கும். வலி அதிர்வினால் வருகிறதா, அமரும் கோணத்தினால் வருகிறதா என்பதைத்தான் நீங்கள் கண்டறிய வேண்டும்.

அதற்கு முன் அதிகம் செலவில்லாத இரண்டைச் சரிபார்த்துவிடுங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடியில், படிப்படியாகத் திருப்பக்கூடிய ஒரு வளையம் இருக்கும். இருவர் செல்லும்போது ஹூக் ஸ்பேனரால் அதை ஓரிரு படி ஏற்றி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். நம்மில் பலர் வண்டி வாங்கிய நாளில் இருந்த படியிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம். சீட்டின் ஸ்பாஞ்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; அடித்தட்டு கையில் தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இவ்விரண்டையும் சரிசெய்து ஒரு முறை ஆசனூர் போய்விட்டு வாருங்கள். அப்போதும் வலித்தால், வண்டியைப் பற்றி முடிவெடுக்கும் முன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

மகனின் விருப்பத்துக்கு வருவோம். சூப்பர் மீட்டியாரின் 648 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் மிக அருமையானது. நெடுஞ்சாலையில் அது இழுக்கும் சீரான வேகத்துக்கு மீட்டியார் 350 ஈடாகாது. ஆனால் அந்த வண்டியின் எடை 241 கிலோ, மீட்டியார் 350-ஐவிட 50 கிலோ அதிகம். தினமும் அலுவலக நிறுத்தத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கப்போவது, ஏற்கெனவே இடுப்பு வலி உள்ள நீங்கள்தான். தரையிலிருந்து அதன் அடிப்பாகத்துக்கு 135 மில்லிமீட்டர்தான் இடைவெளி, 350-இல் 170. இருவர் அமர்ந்து நம் ஊர் வேகத்தடைகளைக் கடக்கும்போது இந்த வேறுபாடு தெரியும். விலையிலும் இடைவெளி கூடிவிட்டது: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. உங்கள் பயன்பாட்டுக்கு 650 வேண்டாம்.

மீட்டியார் 350-ஐ ஓட்டிப் பார்க்கும் நாளிலேயே, அதே எஞ்சினுடன் வரும் கிளாசிக் 350-ஐயும் ஓட்டிப் பாருங்கள். அதில் கால்கள் உடலுக்கு நேர் கீழாக இருப்பதால் எடை பிரிந்து இறங்கும். கோணம்தான் காரணம் என்றால் உங்கள் இடுப்பே சொல்லிவிடும். சீட் உயரம் 805 மில்லிமீட்டர், மீட்டியாரில் 765. உங்கள் உயரத்துக்குக் கிளாசிக்கில் கால் முழுமையாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். மனைவியை அழைத்துச் செல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள். பின்னால் அமரப்போகிறவர் அவர். உங்கள் வண்டியின் 20 லிட்டர் டேங்குக்குப் பழகிய நீங்கள், மீட்டியாரில் இருப்பது 15 லிட்டர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, பழைய வண்டிக்கு என்ன தருகிறார்கள் என்பதைவிட, எல்லாம் போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் தரும் தள்ளுபடியையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். 20,000 ரூபாய் வித்தியாசம் உண்மையென்றால் வெளியில் விற்பதே மேல். ஆனால், ஆர்சி புத்தகம் வாங்கியவர் பெயருக்கு மாறும்வரை, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் கொடுத்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்களுடையது முழுக் காப்பீடாக இருந்து, இழப்பீடு எதுவும் கோராமல் நோ கிளைம் போனஸ் சேர்ந்திருந்தால் அது உங்களுக்குரியது, வண்டிக்குரியது அன்று. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, புதிய வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.