“என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று சொன்ன பிறகு

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் ஒரு சகோதரியின் கணவர் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். வாராவாரம் அவருக்காக ஜெபிக்கிறோம். “என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரி கேட்பதே இல்லை. எனக்கும் பெரிய வசதி கிடையாது. ஜெபம் மட்டும் போதுமா? மனம் உறுத்துகிறது.
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

அவர் கேட்க மாட்டார். இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவருக்கு, யாரிடம் எதைக் கேட்கலாம், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் யோசிக்கும் வேலை அவர் தலையிலேயே நின்றுவிட்டது.

வேதாகமத்தில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனுக்கு, அவ்வழியே வந்த அந்நியனான ஒரு சமாரியன் உதவிய கதை அது. குற்றுயிராகக் கிடந்தவன் அந்தக் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சமாரியனும் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காயத்தைப் பார்த்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அன்றைக்கு ஒரு பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். மேலே ஏதாவது செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். வசதி இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: அவன் சொத்தை விற்கவில்லை, பயணத்தையும் கைவிடவில்லை. தன்னால் முடிந்த அளவு செய்தான், மிச்சத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தான், திரும்ப வருவதாகச் சொன்னான்.

என் அம்மா கடைசி ஒரு வருடம் படுக்கையில் இருந்தார். சபையிலிருந்து ஒரு அக்கா செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் வருவார். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, “நீ போய்ப் படு” என்பார். நான் அடுத்த அறையில் அடித்துப் போட்டதுபோல் இரண்டு மணி நேரம் தூங்குவேன். எழுந்து வந்தால் விரிப்பு மாறியிருக்கும், அம்மாவுக்குத் தலை வாரியிருக்கும், அக்கா வேதாகமத்திலிருந்து தணிந்த குரலில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருப்பார். எங்களுக்காக ஜெபித்தவர்கள் நிறையப் பேர், எல்லோருக்கும் நன்றிக்கடன் உண்டு. ஆனாலும் செவ்வாய் வரும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன்.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. உடையும் ஆகாரமும் இல்லாதவரிடம் “சமாதானத்தோடே போங்கள்” என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று வேதாகமத்தில் யாக்கோபு தம் நிருபத்தில் கேட்கிறாரே, அந்தக் கேள்விதான் உங்களை உறுத்துகிறது. அது நல்ல உறுத்தல்.

சரி, என்ன செய்யலாம்? நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள். “வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன், ஐந்து வரை அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். தனி ஆளாகச் செய்தால் இடுப்பு போய்விடும். உங்கள் கணவரோ மகனோ கூட வந்தால் பெரிய உதவி. முதுகிலும் குதிகாலிலும் சிவந்த இடம் தெரிந்து, விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால், தேய்க்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல், மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒருவரே எல்லாம் சுமக்க வேண்டியதில்லை. அப்போஸ்தலர் காலத்தில் எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறையீடு வந்தபோது, அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். உங்கள் ஜெபக்குழுவில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டாலே போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அவர் வீட்டு நிலைமையைச் சபையில் சாட்சியாகச் சொல்வதும் புகைப்படம் எடுப்பதும் கூடாது.

முதல் தடவை “பரவாயில்லை, வேண்டாம்” என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த வாரம் அதே நேரத்துக்குத் திரும்பக் கேளுங்கள். அவர் தூங்கப் போவதற்கு முன், அண்ணனைக் கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.