முதல் கேள்வியே விசாரணையா?

கேள்வி: வவுனியாவிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து எட்டு மாதமாகிறது. ஊரில் நான் கலகலப்பானவன். இங்கே பஸ்ஸிலும் கடையிலும் நானாகவே பேச்சுக் கொடுத்தாலும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எந்த ஊர், எங்கே வேலை, கல்யாணம் முடிந்ததா என்று அன்பாகத்தான் கேட்கிறேன். சிங்களமும் அவ்வளவாக வராது. எங்கள் அடுக்குமாடிக் காவலாளி மட்டும் தினமும் சிரிப்பார். கொழும்புச் சனத்துக்குக் கதைக்கத் தெரியாதா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நன்றாகத் தெரியும் தம்பி. உங்களுக்குப் பதில் சொல்லத்தான் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்ட மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். வங்கியில் கணக்குத் திறக்கிற படிவம் மாதிரி இல்லையா? ஊரில் இது செல்லும். "எவடம்?" என்று தொடங்கினால் நாலாவது நிமிடம் ஒரு சொந்தம் கிடைத்துவிடும். (அந்தக் கேள்வி சாதியையும் சேர்த்தே தேடுகிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.)

கொழும்பில் அதற்கு வேறொரு பழைய கதை இருக்கிறது. யுத்த காலத்தில் தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் "எந்த ஊர்?" என்றால், அடுத்து அடையாள அட்டையைக் கேட்பார். 2007 ஜூன் 7 விடியற்காலையில், கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லையென்று சொல்லி, லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் பலரைக் கொண்டுபோய் இறக்கியது உங்கள் வவுனியாவில்தான். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, சரி. ஆனால் அன்றைக்கு அந்த லொட்ஜில் படுத்திருந்தவர் இன்றைக்கு உங்கள் பக்கத்து சீற்றில் இருக்கலாம். எங்கே வேலை என்று கேட்டால் அவர் ஜன்னலைப் பார்க்காமல் என்ன செய்வார்?

ஆளைப் பற்றிக் கேட்பதை விடுங்கள். இரண்டு பேருக்கும் முன்னால் கிடப்பதைப் பற்றிக் கதையுங்கள்.

100ஆம் இலக்க பஸ்ஸில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஏறிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். நிற்பவர் தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கொடுப்பார். முன்பின் தெரியாதவரின் சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் இன்னொருவர் மடியில் பயணம் போகும். தமிழா, சிங்களமா, முஸ்லிமா என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் என் மடிக்கு வந்த பைக்குள்ளிருந்து கருவாட்டு மணம். "அக்கா, இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பானைச் சோறு காணாதே" என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கட்டாவா, பாரையா என்று தொடங்கியது கதை. வெள்ளவத்தைச் சந்தை வருவதற்குள், குழம்பு எந்தக் கொதியில் இருக்கும்போது மாங்காய் போட வேண்டும் என்று எனக்குப் பாடமாகிவிட்டது. அவருடைய பெயர் இன்றுவரை தெரியாது.

நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிக்காகோவில் இதைச் சோதித்து 2014இல் எழுதினார்கள். ரயிலில் வேலைக்குப் போகிற சிலரைப் பக்கத்திலிருப்பவரோடு கதைக்கச் சொன்னார்கள், சிலரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். கதைத்தால் பயணம் கெட்டுப்போகும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. கதைத்தவர்களுக்கோ பயணம் நன்றாகவே போனது. அங்கே யாரும் கல்யாணம் முடிந்ததா என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பழகிப் பார்க்க இடம் வேண்டுமா, காலி முகத்திடலுக்குப் போங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அங்கே நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கல்லிலே எழுதிவைத்தார். அங்கே சும்மா நிற்பவரிடம் காரணம் கேட்க ஆளில்லை. இறால் வடை வண்டியில் முன்னால் நிற்பவர் ஒரு கடி கடித்ததும் "செரத?" என்று கேளுங்கள். உறைக்குதா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு உங்கள் சிங்களம் போதும். மிச்சத்தை அவருடைய கண்ணில் வருகிற தண்ணீர் சொல்லிவிடும்.

அப்புறம், பெண்கள். இலங்கையில் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 90 பேர். உங்கள் அன்பு நெற்றியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. ஒரு சொல்லில் பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். காதில் இயர்போன் இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

அந்தக் காவலாளி எட்டு மாதமாகச் சிரிக்கிறாரே, அவரிடம் இதுவரை என்ன கதைத்தீர்கள்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த மழைக்கு, அவருடைய கூட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.