வாங்குவோர் கேள்வி-பதில்: மூன்றாம் பாகமும் முழுமையடையாத பெட்டியும்

கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2012 மார்ச்சில் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட் 3’, ஷெப்பர்ட் என்ற விண்வெளிக் கப்பல் தளபதியின் கதையைச் சொல்லும் வீடியோ விளையாட்டு வரிசையை முடித்துவைக்கும் மூன்றாவது பாகம். அதன் பழைய வட்டுகளும் புதிய பதிப்புகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், இது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துள்ளேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: முதல் இரண்டு பாகங்களை நான் விளையாடியதில்லை. மூன்றாவது மட்டும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2007இல் வந்த முதல் பாகத்திலும் 2010இல் வந்த இரண்டாம் பாகத்திலும் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதை உங்கள் சேமிப்புக் கோப்பிலிருந்து படித்துக்கொண்டுதான் மூன்றாம் பாகம் தொடங்குகிறது. கோப்பு இல்லாதவர்களுக்கு விளையாட்டே ஒரு கடந்த காலத்தை நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கடந்த காலத்தில் ரெக்ஸ் என்ற அருமையான துணைவன் ஏற்கெனவே செத்துப்போயிருப்பான்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பிறந்தநாளுக்கு இதை வாங்கித் தரலாமா?

பதில்: ஐரோப்பியப் பெட்டியின் முகப்பில் 18 என்றும் அமெரிக்கப் பெட்டியில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கான ‘எம்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். படித்துப் பாருங்கள்.

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் ‘புத்தம் புதியது’ என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கணினிப் பதிப்பை வாங்கினேன். பெட்டி ஒட்டியபடியேதான் வந்தது. உள்ளே இருந்த குறியீட்டைத் தட்டச்சு செய்தால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வருகிறது. விற்பவர் பதில் சொல்லவே இல்லை.

பதில்: உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. இந்த விளையாட்டின் கணினிப் பதிப்பு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் இணையக் கடையாக இருந்த ‘ஆரிஜின்’ கணக்கோடு பிணைக்கப்பட்டு விற்கப்பட்டது. குறியீடு ஒருவரின் கணக்கில் ஏறிவிட்டால் வட்டு வெறும் பிளாஸ்டிக்தான். மேலே சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெப்பக்காற்று அடிக்கும் சிறு கருவி வைத்திருக்கும் எவரும் மறுபடி சுற்றிவிடலாம் என்பதால், ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துப் புதியது என்று நம்ப முடியாது. முதலில் பிழைச் செய்தி தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். ‘புத்தம் புதியது’ என்ற சொற்களோடு விளம்பரப் பக்கத்தையும் சேமியுங்கள். பிறகு அந்தச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. என் அலமாரியிலும் இப்படியொரு பெட்டி உண்டு. அது வேறொரு விளையாட்டு. உள்ளே கையேடு மட்டும் அழகாக இருந்தது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கடைக்காரரை நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நண்பனின் விளையாட்டில் ஜாவிக் என்ற வேற்றுக்கிரகத் துணைவன் வருகிறான். என்னுடையதில் அவன் எங்குமே இல்லை. என் வட்டு பழுதா?

பதில்: வட்டில் பழுதில்லை, விற்ற விதத்தில்தான் பழுது. உங்கள் நண்பர் சேகரிப்பாளர் பதிப்பையோ தனியே விற்கப்பட்ட ‘ஃப்ரம் ஆஷஸ்’ என்ற கூடுதல் தொகுப்பையோ வாங்கியிருப்பார். 2012இல் அமெரிக்காவில் சாதாரணப் பதிப்பு ஏறத்தாழ 60 டாலர், சேகரிப்பாளர் பதிப்பு 80 டாலர், ஜாவிக்கைக் கொண்ட தொகுப்பு மட்டும் 10 டாலர். மூன்றும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தன. இதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் இடம் போதுவதில்லை. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன புரோத்தியன் இனம் என்ன ஆனது என்ற புதிரை முதல் பாகத்திலிருந்தே இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, அந்த இனத்தின் கடைசி ஆள் வாய் திறந்து பேசும் பகுதியைத் தனிக் கட்டணத்துக்கு ஒதுக்கினார்கள். முதன்மை விளையாட்டு முடிந்து சோதனைக்குப் போன பிறகு தனிக்குழு உருவாக்கிய பகுதி அது என்று நிறுவனம் விளக்கியது. ஆனால் கணினியில் விளையாடிய சிலர் கோப்புகளைத் துழாவியபோது, அந்தக் கதாபாத்திரத்தின் ஒரு பகுதி வட்டிலேயே இருந்ததைக் கண்டார்கள். இட்லிக்குச் சட்னி தனி விலை என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் உணவகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஏற்கெனவே இரண்டு வேளை சாப்பிட்டவர் மூன்றாவது வேளைக்கு எழுந்து போக மாட்டார் என்ற தைரியத்தில் செய்யும் கணக்கோடுதான் சண்டை. போதாக்குறைக்கு, பழைய வட்டை வாங்கியவர் மற்றவர்களோடு இணையத்தில் விளையாட இன்னொரு 10 டாலர் கொடுத்து அனுமதிக் குறியீடு பெற வேண்டியிருந்தது. அந்த முறையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2013இல் கைவிட்டது. உங்களுக்கு ஜாவிக் வேண்டுமென்றால், மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒன்றாக்கி 2021 மே மாதம் வந்த ‘லெஜண்டரி’ பதிப்பில் அவன் சேர்ந்தே வருகிறான்.

கேள்வி: எங்கள் முடிவுகளே கதையின் முடிவைத் தீர்மானிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று வெளிச்சத்தின் நிறம்தான் மாறுகிறது. இது மோசடி விளம்பரம் இல்லையா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது, வழக்கு பலவீனமானது. இதே புகாரைப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2012இல் விசாரித்து, மூன்று முடிவுகளும் கருத்தளவில் வேறுபட்டவை, முந்தைய தேர்வுகளும் விளைவைப் பாதிக்கின்றன என்று சொல்லித் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் ஒருவர் கூட்டாட்சி வணிக ஆணையத்திடமே புகார் கொடுத்தார். எந்த ஆணையமும் வாங்கித் தராததை எதிர்ப்புச் சத்தம் வாங்கித் தந்தது: அந்த ஆண்டு ஜூன் 26 அன்று விரிவாக்கப்பட்ட முடிவு இலவசமாக வெளியானது. ஆனால் அது பழைய வட்டில் இருக்காது, தனியே பதிவிறக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால், அந்தக் கருவிக்காகப் பழைய வட்டு வாங்குபவர்கள் இதை யோசித்து வாங்குங்கள். இன்னொரு செய்தி: முடிவை மாற்றக் கோரிய ரசிகர்கள், நோயுற்ற குழந்தைகளுக்கான ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளைக்கு 80,000 டாலர் வரை திரட்டினார்கள். அருமையான காரியம். ஆனால் அந்த நன்கொடையைப் புதிய முடிவுக்கான கட்டணம் என்று நினைத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று பார்க்காதவர்களுக்கு நான் என்ன எழுத முடியும்?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து விளையாட நான்கு ‘லெஜண்டரி’ பதிப்புகள் வாங்கினோம். கூட்டு விளையாட்டுப் பகுதியைக் காணவில்லையே?

பதில்: அதில் அந்தப் பகுதி கிடையாது. வெளியாவதற்கு முன்பே நிறுவனம் சொல்லிவிட்டது. நால்வரில் ஒருவர்கூடப் படிக்கவில்லையா?

கேள்வி: பழைய பொருள் கடையில் நிண்டெண்டோ வீ யூ கருவிக்கான மூன்றாம் பாகம் வாங்கினேன். முதல் இரண்டு பாகங்களும் கடையில் தேடினால் கிடைக்கும் என்றார் விற்றவர். ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

பதில்: தேடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கருவிக்கு முதல் இரண்டும் வரவே இல்லை. 2012 நவம்பரில் வீ யூ வாங்கியவர்களுக்கு மூன்றாம் பாகத்தை மட்டும் அமெரிக்காவில் 60 டாலருக்கு விற்ற அதே மாதத்தில், எக்ஸ்பாக்ஸ் 360க்கும் கணினிக்கும் மூன்று பாகங்களையும் ஒரே பெட்டியில் வைத்து அதே விலைக்கு விற்றார்கள். வீ யூ வாங்கியவர்களுக்குக் கிடைத்தது, பழைய கதையைச் சொல்லி முக்கியத் தேர்வுகளைக் கேட்கும் ஒரு படக்கதை. மற்ற கருவிகளுக்குத் தனியே விற்கப்பட்ட ‘லெவையத்தன்’, ‘ஒமேகா’, ‘சிட்டடல்’ என்ற கூடுதல் தொகுப்புகளும் அதற்கு வரவில்லை. விற்றவர் பொய் சொல்லி விற்றிருக்கிறார். பற்றுச்சீட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு போய், அவர் சொன்னதை அவரிடமே நினைவூட்டிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால், பழைய கருவிகளைச் சேகரிப்பவர்களுக்கு விற்றுவிடுங்கள். உங்கள் விளம்பரத்தில் மட்டும், இது தனியாக வந்த பாகம் என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.